ஸ்டாண்டுக்குப் பொதுவான நாலு டயர்

ஏப்ரல் 27

எங்கள் வேன் ஸ்டாண்டில் ஒன்பது ஆம்னி நிற்கிறது. எட்டை ஆம்பிளைகள் ஓட்டுகிறார்கள், ஒன்றை நான். அங்கே வாயைத் திறந்தால் பொம்பளை சண்டைக்கு வருகிறாள் என்பார்கள். திறக்காவிட்டால் தலைக்கனம் என்பார்கள். அதனால் பொங்கலுக்கு ஜவுளிக்கடையில் கொடுத்த இந்த டைரியில் திட்டித் தீர்க்கிறேன். இது திருப்பிப் பேசாது.

மே மாதத்தோடு வண்டிக்கு எப்.சி. முடிகிறது. மஞ்சள் போர்டு வண்டி, அதுவும் இவ்வளவு பழைய வண்டி என்றால், வருஷா வருஷம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொண்டுபோய் நிறுத்தி, ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று பிரேக் இன்ஸ்பெக்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அந்தக் கையெழுத்து விழவில்லை என்றால் என் வண்டியில் வரும் பிள்ளைகளை வேறு வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் சீசனுக்குக் குற்றாலம் போகிற சவாரியும் கிடையாது. இந்த வீட்டில் உலை வைக்க வேறு வழி இல்லை.

வழி இல்லாமல் போனது யாரால்? உள்ளே கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு டி.வி. பார்க்கிற மகராசனால். போன ஐப்பசி மழையில் செங்கோட்டை ரோட்டு வளைவில் நாய் குறுக்கே வந்ததாம். ஒடித்தாராம். வண்டி பாலத்துச் சுவரில் மோதி, இவர் வலது காலில் இப்போது இரும்புத் தகடு. கல்யாணமான புதிதில் ஆசைக்கு எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸும் பேட்ஜும் எடுத்துக் கொடுத்தார். அந்த ஆசைதான் ஆறு மாதமாகச் சோறு போடுகிறது.

அந்த வளைவு வந்தால் நான் இரண்டாவது கியரில்தான் போவேன். பயம் ஒன்றும் கிடையாது. வண்டி பழசு, அதற்கு வேகம் ஆகாது.

மே 1

அண்ணன் வந்து வண்டியைப் பார்த்தான். இசக்கிராஜ், என் கூடப்பிறந்தவன், மெக்கானிக். ஸ்டாண்டு வண்டி ஒன்பதுக்கும் அவன் கொட்டகைதான் ஆஸ்பத்திரி. சுற்றி வந்து மண்கார்டை ஒரு தட்டுத் தட்டினான். துரு பொலபொலவென்று கொட்டியது.

"என்னட்டி வண்டியை இப்படி வச்சிருக்க. பாடியில ரெண்டு எடத்துல ஓட்டை. ஹேண்ட் பிரேக்கு பேருக்குத்தான் இருக்கு. ஒரு லைட்டு தரையைப் பாக்கு, ஒண்ணு வானத்தைப் பாக்கு."

நானா வைத்தேன்? சுவரில் கொண்டுபோய் மோதியது நானா? கேட்க வாய் வந்தது. அதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல்.

"ஏளா, கிளட்ச் கேபிளையும் பாக்கச் சொல்லு. அப்புறம் ரிவர்ஸ்ல போட்டா ஒரு சத்தம் வரும். அதையும் சொல்லு."

கட்டிலில் படுத்துக்கொண்டே இத்தனை யோசனை சொல்லத் தெரிகிறது. வாசலுக்கு வந்து நின்று சொல்ல முடியாது. வாக்கர் வாங்கி வைத்தது துணி காயப்போட.

"டயரு?" என்றேன். வண்டியில் கிடக்கிற நாலும் மொட்டை டயர். ரோட்டைப் பிடிக்கிற பட்டன் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை.

"டயருக்கென்ன, செட்டுதான் இருக்குல்லா" என்றான் அண்ணன்.

செட்டு என்றால் எப்.சி. செட்டு. ஸ்டாண்டில் எல்லாரும் பிரித்துப் போட்டு வாங்கிய நாலு புது டயர், டிஸ்க்கோடு. கூடவே ஒரு ஸ்டெப்னி, ஒரு தீயணைப்பு சிலிண்டர், ஒரு முதலுதவிப் பெட்டி. அண்ணன் கொட்டகை மூலையில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கும். எப்.சி.க்குப் போகிற வண்டியில் முந்தின நாள் மாட்டுவான். கையெழுத்து விழுந்து வெளியே வந்ததும் ஆபீஸுக்கு எதிரே புளியமரத்தடியில் ஜாக்கி போட்டுக் கழற்றிவிட்டு, பழைய டயரை மாட்டி அனுப்புவான். அடுத்த வண்டிக்கு அதே செட்டு. ஒன்பது வண்டிக்கும் இந்த நாலு டயர்தான் பரீட்சை எழுதுகிறது. யாருக்கும் இதில் வெட்கம் கிடையாது. ஊரில் எல்லா ஸ்டாண்டிலும் இப்படித்தான் என்கிறார்கள்.

மே 4

டிங்கர் வேலை. நாள் பூராவும் தகரத்தைத் தட்டுகிற சத்தம். எனக்கும் யாரையாவது தட்ட வேண்டும்போல இருந்தது.

மே 7

செட்டை யார் என்றைக்கு எடுப்பது என்று ஸ்டாண்டில் முறை போட்டார்கள். தலைவர் சுயம்புலிங்கம்தான் பிரித்துக்கொடுப்பார். அவர் சொன்ன நாளில்தான் ஆன்லைனில் எப்.சி.க்கு நாள் போட முடியும். எனக்கு ஜூன் கடைசி வாரம் என்றார்.

"பள்ளிக்கூடம் அதுக்கு முன்னாடியே தொறந்துருமே அண்ணாச்சி" என்றேன்.

"நீ என்ன பெரிய டிரிப்பா அடிக்க? ஆம்பளைங்க சீசனுக்கு ஓட்டணும். உன் புருஷன் பரமசிவன் வந்திருந்தா வேற. நீ கொஞ்ச நாள் வீட்ல இரேன், புருஷனையும் பாத்துக்கிட்ட மாதிரி இருக்கும்."

சிரித்தார்கள். செட்டு வாங்கும்போது எங்கள் பங்கை வாங்கிக்கொண்ட கை, இப்போது எனக்குக் கடைசி முறை எழுதுகிறது. வெளங்காத பயல்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இந்த நிற்கிற நிலை இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முத்துமாலை அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு இருபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. அதை ஆவுடைக்குக் குடுத்துருங்க. நான் இருபத்தாறுக்குப் போயிக்கிடுதேன்" என்றார். ஐப்பசியில் என் புருஷனை ஆஸ்பத்திரியில் போட்டிருந்தபோது எனக்கு வேளா வேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவரும் அவர்தான். ஸ்டாண்டில் ஒரு மனுஷன் இருக்கிறார்.

மே 12

பெயிண்ட் அடித்தாயிற்று. ஹெட்லைட்டு இரண்டிலும் கறுப்புப் பொட்டு ஒட்டியாயிற்று. பின்னாலும் பக்கத்திலும் மினுங்குகிற ஸ்டிக்கர். கிழவி கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி நிற்கிறது வண்டி. இவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "வெள்ளை கொஞ்சம் மங்கலா இருக்கு" என்றார். அன்றைக்கு அவர் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன்.

அண்ணன் மகள் அபிஷா லீவுக்கு எங்கள் வீட்டில் வந்து இருக்கிறாள். மூன்றாம் வகுப்பு. வண்டி கிளம்பினால் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவாள்.

மே 14

பேனாவை இரண்டு தடவை மூடிவிட்டுத் திறந்தேன். கோபத்தில்தான்.

கல்யாண வீட்டுக்காரர்களைச் செங்கோட்டையில் இறக்கிவிட்டுத் திரும்பினேன். அபிஷா முன் சீட்டில். கோடை மழை, பத்து நிமிஷம்கூட இருக்காது, ரோடு நனைந்து எண்ணெய் மிதக்கிறது. வளைவுக்கு முன்னால் இரண்டாவது கியர் போட்டு, பிரேக்கை லேசாகத் தொட்டேன். தொட்டதுதான். வண்டியின் பின்பக்கம் என்னைக் கேட்காமலே வெளியே போனது. ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது பாட்டுக்குச் சுற்றியது. நின்றபோது வந்த வழியைப் பார்த்து நின்றது. பாலத்துச் சுவருக்கும் அபிஷா பக்கக் கதவுக்கும் நடுவே ஒரு ஆள் நுழைய முடியாது.

பிள்ளை நெற்றியில் அடித்துப் புடைத்துவிட்டது. அழவில்லை. "அத்தை, வண்டி ஏன் திரும்பிச்சு?" என்று கேட்டாள்.

ரோட்டைப் பார்த்தேன். ஆள் இல்லை, ஆடு இல்லை, நாய் இல்லை. ஒன்றுமே இல்லாத ரோட்டில், அதே இடத்தில், அதே சுவரை நோக்கி.

வீட்டுக்கு வந்து பிள்ளை நெற்றிக்கு ஐஸ் வைத்து, பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பிவிட்டு, டி.வி.யை நிறுத்தினேன்.

"நாய் என்ன நெறம்?"

"எந்த நாய்?"

"ஐப்பசியில குறுக்க வந்த நாய்."

"செவலை" என்றார்.

"ஆஸ்பத்திரியில போலீஸ்காரர் கேட்டப்ப கறுப்புன்னு சொன்னீங்க."

ஓடாத டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் நகரவில்லை. கடைசியில், "நாயே வரலளா" என்றார். "பிரேக்கைத் தொட்டேன். வண்டி சுத்திருச்சு."

"அப்ப ஏன் நாய்னு சொன்னீங்க?"

"டயர்னு சொன்னா என்ன ஆவும்? எப்.சி.யில நல்ல டயரு, ரோட்டுல மொட்டை டயரு, எப்படிடான்னு போலீஸ்காரன் கேப்பான். கழத்தி மாட்டினது யாரு? உங்க அண்ணன். கேஸு அவன்மேல போவும். ஒன்பது வண்டியையும் நிறுத்திருவாங்க. அப்புறம் நீ உங்க அண்ணனுக்கும் எனக்கும் நடுவுல கெடந்து சீரழியணும்."

எனக்காகவாம். எனக்காக ஆறு மாதம் பொய் சொன்னாராம். இந்த ஆறு மாதமாக ரோட்டில் எந்த நாயைக் கண்டாலும் நான் கல்லை எடுத்திருக்கிறேன். பக்கத்துத் தெரு நாய் என்னைக் கண்டாலே ஓடும். அந்த வாயில்லாப் பிராணியை எல்லாம் சபித்தேனே, பாவி மனுஷன் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டுதானே இருந்தார். அந்த டயரைப் போட்ட அதே வண்டியில் என்னையும் ஓட்டவிட்டு, சாயங்காலம் வந்ததும் "டிரிப்பு எப்படி"ன்னு கேட்டாரே, அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

மே 15

அவரோடு பேசவில்லை. சோறு வைத்தேன், எண்ணெய் தேய்த்தேன், பேசவில்லை.

மே 16

அபிஷாவைக் கூட்டிக்கொண்டு அண்ணன் கொட்டகைக்குப் போனேன். பிள்ளையை அவன் முன்னால் நிறுத்தி, "உன் மக நெத்தியைப் பாரு" என்றேன்.

புடைப்பைத் தொட்டுப் பார்த்தான். "எங்கன இடிச்ச?"

"வளைவுல வண்டி சுத்திருச்சுப்பா" என்றாள் அபிஷா.

அவன் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான், "நாய் எதுவும் குறுக்க வந்துச்சாட்டி?"

அந்த இடத்தில் என் கையில் ஒரு ஸ்பானர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குள் அவனாகவே ஒரு நாயைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். பழக்கம்.

"வந்துச்சு. கொட்டகையில நின்னு ஜாக்கி போட்டு டயரைக் கழத்திச்சு."

முகம் செத்துவிட்டது. பிள்ளையை டீக்கடைக்கு அனுப்பினான். "மாப்ள சொல்லிட்டாரா" என்றான். அப்புறம், "நான் அன்னைக்கே சொன்னேன், மழைக்காலத்துல பைய போங்கன்னு" என்றான்.

"பைய போகச் சொல்லத் தெரியும். நல்ல டயரை மாட்டி அனுப்பத் தெரியாதா?"

"எல்லாரும் அப்படித்தாம்ட்டி ஓட்டுதாங்க. நான் மாட்டேன்னு சொன்னா வேற கொட்டகைக்குப் போவாங்க. டயரு விக்கிற வெலையில மாத்துன்னு நான் யார்கிட்ட சொல்ல? நீ மாத்துவியா?"

அது உண்மை. ஆஸ்பத்திரிக்கே நகை போய்விட்டது. நாலு டயருக்கு இப்போது என்னிடம் வழி இல்லை. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. மூலையில் சாக்கை இழுத்துப் பார்த்தேன். நாலும் கருகருவென்று படுத்திருக்கிறது. பட்டன் நகம் அளவுக்கு நிற்கிறது. ரோட்டையே பார்க்காமல் வருஷம் பூராவும் நிழலில் தூங்குகிற டயர்.

"இதை மூடி வச்சு யாரைக் காப்பாத்துதிய?" என்று கேட்டேன். சாக்கை இழுத்து மூடப் போனான். வந்துவிட்டேன்.

மே 20

அண்ணன் செட்டை மாட்டினான். ஸ்பானர் மட்டும் பேசியது.

வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். ஆறு மாதமாக நான் ஓட்டியது இந்த வண்டிதானா என்று இருந்தது. பிரேக்கில் கால் வைத்தால் நிற்கிறது. திருப்பினால் திரும்புகிறது. ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது. நான் இத்தனை நாள் என் கைதான் சரியில்லை, பொம்பளைக் கை, பழகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டாண்டிலும் அதைத்தான் சொன்னார்கள்.

வேண்டுமென்றே வளைவு வரைக்கும் போய் வந்தேன். மூன்றாவது கியரில்.

மே 21

ஆபீஸ் வாசலில் காலையிலேயே வரிசை. எலுமிச்சம்பழத்தை முன் டயருக்கு அடியில் வைத்து நசுக்கிவிட்டு மைதானத்துக்குள் கொண்டுபோனேன். எதிரே புளியமரத்தடியில் அண்ணன் ஜாக்கியோடு உட்கார்ந்திருந்தான். என்னுடைய மொட்டை டயர் நாலும் அவன் பக்கத்தில் அடுக்கியிருந்தது.

இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். லைட் போடச் சொன்னார், ஹாரன் அடிக்கச் சொன்னார், வைப்பர் பார்த்தார். அப்புறம் அவரே ஏறி, மைதானத்தில் ஒரு ஓட்டு ஓட்டி, சடக்கென்று பிரேக் அடித்தார். வண்டி ஆணி அடித்துவைத்த மாதிரி நேராக நின்றது. இறங்கிவந்து ஷூ முனையால் டயரைத் தட்டினார்.

"டயர் நல்லா இருக்கும்மா." கொஞ்சம் சிரித்தார். "எனக்கும் இந்த டயரை நல்லாவே தெரியும். சீசனுக்கு முன்னாடி அடிக்கடி இங்க வரும்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காது சுட்டது. "தெரிஞ்சா ஏன் சார் கையெழுத்துப் போடுதீங்க?"

"இன்னைக்கு வண்டியில இருக்குல்லம்மா. இன்னைக்கு உள்ளதுக்குத்தான் என் கையெழுத்து. நாளைக்கு நீங்க என்ன மாட்டி ஓட்டுனாலும் அது உங்க பாடு."

கையெழுத்துப் போட்டார். அடுத்த வண்டியை வரச்சொன்னார்.

அண்ணனுக்குத் தெரியும், சுயம்புலிங்கத்துக்குத் தெரியும், என் புருஷனுக்குத் தெரியும், கையெழுத்துப் போடுகிறவருக்கும் தெரியும். அத்தனை பேருக்கும் தெரிந்ததற்கு நடுவில் என் வண்டியில் பிள்ளைகள் ஏறுகின்றன. பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு மட்டும் தெரியாது. அவர்கள் எப்.சி. ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவார்கள்.

வெளியே வந்தேன். மரத்தடியில் அண்ணன் எழுந்து, ஓரங்கட்டச் சொல்லிக் கையைக் காட்டினான். நான் இண்டிகேட்டரும் போட்டேன். கால் பிரேக்குக்குப் போகவில்லை. அப்படியே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது அவன் ரோட்டு நடுவில் வீல் ஸ்பானரோடு நின்றுகொண்டிருந்தான்.

இவரிடம் ஒரு வார்த்தைதான் சொன்னேன். "டயரைக் குடுக்க மாட்டேன்." இவர் டி.வி.யைத் தானாகவே நிறுத்தினார்.

மே 22

விடிந்ததும் வந்துவிட்டார்கள். சுயம்புலிங்கம், இன்னும் இரண்டு டிரைவர்கள், பின்னால் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு என் அண்ணன்.

"பொதுச் சொத்தும்மா அது" என்றார் சுயம்புலிங்கம். "நீ அடிச்சிட்டுப் போறதுக்கு யாரு வீட்டு டயருன்னு நெனச்ச?"

"பொதுச் சொத்துன்னா பொதுவா ஓடட்டும். எதுக்கு சாக்கு மூடிக் கெடக்கு?"

"ஒன் பங்கு எவ்வளவோ அதைத் திருப்பித் தாரோம். டயரை விடு."

"எனக்குப் பங்கு வேண்டாம். டயருதான் வேணும். ஒங்க மத்த எட்டு வண்டிக்கும் என்ன செய்யணும்னு நீங்க பாருங்க. பிள்ளைகளை ஏத்துதீயள்லா? மாசாமாசம் காசு வாங்குதீயள்லா? மாத்துங்க."

"கோட்டி புடிச்சிருக்கு இவளுக்கு" என்றான் ஒருவன். சுயம்புலிங்கம் அண்ணனிடம், "என்னடே பாத்துக்கிட்டு நிக்க. கழத்து" என்றார். அண்ணன் என்னைப் பார்க்காமல் முன் டயர் பக்கம் குனிந்தான்.

அப்போது வாசலில் டக் டக்கென்று சத்தம். இவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆறு மாதமாக நான் கெஞ்சியும் திட்டியும் தாண்டாத வாசப்படியைத் தாண்டி, முற்றத்து மண்ணில் ஒவ்வொரு அடியாக வந்து, முன் டயருக்கும் அண்ணனுக்கும் நடுவில் நின்றார். கைலியைத் தொடை வரைக்கும் சுருட்டினார். முட்டிக்குக் கீழே தையல் போன இடம் முழுக்கத் தெரிந்தது.

"இதைப் பாத்துக்கிட்டே கழத்துங்க மச்சான்" என்றார்.

அண்ணன் குனிந்தவன் நிமிரவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மற்றவர்கள் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனார்கள். இனி ஸ்டாண்டில் என் வண்டி நிற்கக்கூடாதாம்.

எல்லாரும் போனபிறகு இவருக்குக் கால் நடுங்கியது. தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோனேன். "இதை ஆறு மாசத்துக்கு முன்னாடி காட்டியிருக்கணும்" என்றேன். "ஆமா" என்றார். கோபம் போகவில்லை. ஆனால் பேசிவிட்டேன்.

மே 24

முத்துமாலை அண்ணாச்சி தனியாக வந்தார். அவர் வருவார் என்றுதான் இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். சுயம்புலிங்கத்திடம் கத்தலாம், அவரிடம் எப்படிக் கத்துவது. உட்காரவைத்து டீ கொடுத்தேன்.

"நாளை மறுநாள் எனக்கு எப்.சி. தாயி" என்றார். என் நாளை விட்டுக்கொடுத்தேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அண்ணாச்சி, இப்பமே கழத்தித் தாரேன். எப்.சி. முடிஞ்சதும் அந்த டயரோடயே பிள்ளைகளைக் கொண்டுபோவேன், கழத்த மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் என்ன செய்வேன்னு நீங்க கவலைப்படாதீங்க."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் சொல்லிருவேன். அடுத்தாளு கேட்டா என்னால மாட்டேன்னு சொல்ல முடியாது. எனக்கு அந்தத் தைரியம் இல்ல. ஒங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?"

எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். கெட்டவன் மேல் கோபப்படுவது சுலபம். இந்த மாதிரி நல்லவர்கள்மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

மே 26

முத்துமாலை அண்ணாச்சி வண்டியை டயர் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் கழற்ற மாட்டேன்.

மே 31

பக்கத்து ஊர் ஸ்டாண்டிலிருந்து அவர்களுடைய செட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். முத்துமாலை அண்ணாச்சிக்கு நேற்று கையெழுத்து விழுந்தது. புளியமரத்தடியில் கழற்றினார்கள். மாட்டினது, கழற்றினது இரண்டும் என் அண்ணன்தான்.

ஆக, நான் இத்தனை பேரைப் பகைத்துக்கொண்டதில் என் வண்டி ஒன்றுக்குத்தான் டயர். மற்ற எட்டும் எப்போதும்போல. இவர் சொல்கிறார், "ஒண்ணாவது மாறிச்சுல்லளா." ஒன்று மாறினதைக் கொண்டாட எனக்கு மனசில்லை. வண்டியை இப்போது தெருமுனையில் அரசமரத்துப் பக்கம் போடுகிறேன். மூன்று வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள், ஸ்டாண்டில் இல்லாத வண்டி நம்பிக்கை இல்லையாம். மிச்சம் ஐந்து பிள்ளைகள் வருவார்கள். அதை வைத்து ஓட்ட வேண்டும்.

ஜூன் 4

பள்ளிக்கூடம் திறந்தது. நேற்று ராத்திரியே காற்று மாறிவிட்டது. காலையில் மலை தெரியவில்லை, சாரல் விழ ஆரம்பித்துவிட்டது.

கிளம்பப் போகும்போது அண்ணன் பைக்கில் வந்தான். முன்னால் அபிஷா, யூனிபாரத்தோடு, தலைக்கு மேல் பாலித்தீன் கவர். அன்றைக்கு ஜாக்கியோடு போனபிறகு இன்றைக்குத்தான் என் வீட்டு வாசலை மிதிக்கிறான். பிள்ளையைத் தூக்கி என் வண்டி முன் சீட்டில் உட்காரவைத்து, பையை மடியில் வைத்தான். அவள் போன வருஷம் முழுக்க முத்துமாலை அண்ணாச்சி வண்டியில் போனவள்.

"அந்த வண்டிக்கு என்ன?" என்று கேட்டேன்.

"மழையா இருக்குல்லா" என்றான்.

கொட்டகையில் நின்றபோது எல்லாரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றானே, மழைக்காலத்தில் பைய போனால் போதும் என்றானே, அதை அவனே நம்பவில்லை. தன் பிள்ளைக்கு எந்த டயர் வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவன் அழுவான்போல இருந்தது. எனக்கு அவன்மேல் வந்தது இரக்கம் இல்லை.

"மத்தப் பிள்ளைக?" என்றேன்.

கைத்துண்டால் அபிஷாவின் காலைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கதவைச் சாத்தினான். நான் கிளம்பிவிட்டேன்.

ஐந்து பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தபோது எனக்கு முன்னால் முத்துமாலை அண்ணாச்சி வண்டி போய்க்கொண்டிருந்தது. புதுப் பெயிண்ட், புது எப்.சி., பின் கண்ணாடி முழுக்கப் பிள்ளைகள். சாரலில் அவர் மெதுவாகத்தான் ஓட்டினார். நான் முந்தவில்லை. பள்ளிக்கூடம் வரைக்கும் அந்தப் பின் டயர் இரண்டையும் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். அபிஷா அந்தக் கண்ணாடியில் தெரிந்த பிள்ளைகளுக்கு வழியெல்லாம் கை காட்டிக்கொண்டு வந்தாள்.